தேயாத துத்தநாகம்

1

"காலை எடுத்துராதீங்க தம்பி... எடுத்தா படகு போச்சு!"

ஜெயப்பிரியா கத்தினாள்.

புது மாப்பிள்ளை எடுக்கவில்லை. தேனிலவுக்கென்றே மதுரையில் வாங்கிய வெள்ளை ஷூ. அதன் குதிகால், படகின் அடியில் திறந்துகொண்ட ஓட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. ஷூவின் நாலு பக்கமும் கடல் பீய்ச்சி அடித்தது.

கேபினுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்!

"மேடம்... நாம செத்துருவோமா?"

"இன்னைக்கு இல்ல. காலை மட்டும் எடுக்காதீங்க."

ஜெயப்பிரியாவின் சொந்தப் படகு. பெயர் பூமயில். ஃபைபர் உடம்பு, ஒற்றைப் பாய்மரம். குருசடைத் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்ஜின் மூழ்கி மூச்சை விட்டு ரொம்ப நேரமாகியிருந்தது. மிச்சமிருந்தது வாடைக்காற்று மட்டும்தான்.

மேலே மணப்பெண் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"தாயி! அழுதுக்கிட்டே புடி, பரவாயில்ல... பாம்பன் பாலம் உன் வலது தோளுக்குப் பின்னாலயே இருக்கணும்!"

"இருக்குக்கா..."

"அந்தத் துப்பட்டாவைக் கழட்டிக் கீழ போடு!"

"ஐயோ... இது எங்க நாத்தனார் எடுத்துக் குடுத்தது!"

"நாத்தனார் இன்னொண்ணு எடுத்துக் குடுப்பாக. உசுரை எடுத்துக் குடுக்க மாட்டாக. போடு தாயி!"

துப்பட்டா வந்து விழுந்தது.

படகின் அடியில் எங்கெல்லாம் கடல்தண்ணீர் எடுக்கும் வால்வு உண்டோ, அதன் பக்கத்திலேயே ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது தவ்ஃபீக்கின் பழக்கம். பூமயிலின் மெக்கானிக் அவன். வால்வு உடைந்தால் ஆப்பை அடிக்க வேண்டியதுதான்.

ஆனால் இது வால்வு மட்டும் உடைந்த கேஸ் இல்லை. வால்வைப் பிடித்திருந்த பித்தளைக் குழாயே அடியோடு பெயர்ந்திருந்தது. ஆப்பு சிறுசு. ஓட்டை பெருசு!

ஜெயப்பிரியா துப்பட்டாவை ஆப்பில் சுற்றினாள். சுற்றினாள். இன்னும் சுற்றினாள்.

"தம்பி... மூணு சொல்லுவேன். காலை எடுக்கணும்."

"இப்பத்தானே எடுக்கக் கூடாதுன்னீங்க!"

"மூணு!"

ஷூ விலகியது. கடல் எழும்பி அவள் முகத்தில் அறைந்தது. கண்ணை மூடிக்கொண்டே ஆப்பைச் சொருகினாள். சுத்தியலால் அடித்தாள்.

டக்... டக்... டக்!

பீய்ச்சல் நின்று கசிவாக மாறியது.

சற்று நேரத்தில் பூமயில் மண்டபம் கரை மணலில் மூக்கைச் சொருகிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை கரையில் குதித்து மணலை முத்தமிட்டான். பிறகுதான் மனைவி ஞாபகம் வந்தது.

ஜெயப்பிரியா நகரவில்லை. அவள் உள்ளங்கையில் உடைந்த பித்தளைத் துண்டு ஒன்று இருந்தது.

பித்தளை மஞ்சளாகத்தானே இருக்க வேண்டும்?

இது ரோஸ் நிறத்தில் இருந்தது!

கட்டைவிரலால் அழுத்தினாள். டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

2

"கொலை முயற்சி!"

மறுநாள் காலை. எஸ்.ஐ. வேல்ராஜ் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூமயிலைச் சுற்றி வந்தார். டிராக்டர் வைத்து இழுத்துக் கரையேற்றிய படகு, மரத்தடிகளின் மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது.

கூடவே ஏட்டு உக்கிரபாண்டி. பெயரில் இருந்த உக்கிரம் ஆளிடம் இல்லை. எஸ்.ஐ. தும்மினால்கூட "மன்னிக்கணும் சார்" என்பார்.

"அந்த மாப்பிள்ளை எழுதிக் குடுத்துட்டாரும்மா. யாரோ வேணும்னே ஓட்டை போட்டிருக்காகன்னு."

"யாரு சார் போடுவா?" என்றாள் ஜெயப்பிரியா.

"தவ்ஃபீக்கு."

"சார்!"

"கோவப்படாத. படகுக்கு அடியில கை வைக்கிறவன் அவன் ஒருத்தன்தான். போன வாரம் உங்களுக்குள்ள சண்டை. படகுத்துறையே கேட்டுச்சு. எப்பவும் கூட வாரவன் நேத்து மட்டும் வரல!"

"துபாய்ல பழைய வேலைக்கே மறுபடி கூப்புட்டாக சார். நடுவுல விட்டுட்டுப் போறியேலேன்னு திட்டுனேன். நேத்து டிக்கெட் வேலையா ராமநாதபுரம் போனான். அம்புட்டுத்தான்."

"அதேதான். நாளைக்கு ஃப்ளைட். தப்பிச்சு ஓடுறதுக்குள்ள புடிச்சு ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வச்சிருக்கேன். சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். போட்டேன்னா துபாயும் கெடையாது, ஷார்ஜாவும் கெடையாது!"



தவ்ஃபீக்குக்கு நிறைமாத மனைவி இருந்தாள். நஸீஹா. நேற்றிலிருந்து அவள் பத்துத் தடவை போன் செய்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. "அக்கா... அவுகள விட்டுருவாகளா?"

விட வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள்!

"சார், இது வெட்டுன ஓட்டை இல்ல. அரிச்ச ஓட்டை. பாருங்க." அந்த ரோஸ் துண்டை நீட்டினாள்.

"என்னம்மா இது, பஞ்சு மிட்டாய் கலர்ல?"

"பித்தளையில தாமிரமும் இருக்கு, துத்தநாகமும் இருக்கு. துத்தநாகம் கரைஞ்சு கடலுக்குள்ள போயிருச்சு. மிச்சம் வெறும் தாமிரச் சக்கை."

"ஏன் கரையுது?"

"ரெண்டு வேற வேற உலோகத்தை உப்புத்தண்ணியில போட்டு, நடுவுல ஒரு ஒயரும் குடுத்தா என்ன சார் ஆகும்? பேட்டரி! உலோகத்துல எளப்பமானது கரையும். தெம்பானது தப்பிக்கும். படகுக்கு அடியில ப்ரொப்பெல்லர் வெங்கலம், அதோட தண்டு எவர்சில்வர், வால்வு பித்தளை... எல்லாம் ஒண்ணை ஒண்ணு தின்னப் பாக்கும்."

"கூட்டுக் குடும்பம் மாதிரி!" என்றார் உக்கிரபாண்டி.

எஸ்.ஐ. முறைத்தார். "மன்னிக்கணும் சார்."

"அதுக்குத்தான் எல்லாத்தையும் ஒரே பச்சை ஒயர்ல இணைச்சு, வெளிய ஒரு சிங்க் கட்டியை மாட்டி வைப்போம். சிங்க்குன்னா அதே துத்தநாகம்தான். இருக்கறதுலயே எளப்பமானது. அது தன்னைக் கரைச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் காப்பாத்தும்."

வேல்ராஜ் யோசித்தார். மெல்ல அவர் பார்வை உக்கிரபாண்டி மேல் திரும்பியது.

"ஸ்டேஷன்ல இவரு மாதிரி. மேல இருந்து வர்ற திட்டெல்லாம் இவரு வாங்கிக்குவாரு. நான் தப்பிச்சுக்குவேன்."

"அதேதான் சார்! ஏட்டய்யாதான் சிங்க்!"

உக்கிரபாண்டி முதல்முறையாக நெஞ்சை நிமிர்த்தினார்.

"இங்கன நிக்கிற விசைப்படகு எல்லாத்துலயும் இந்தக் கட்டி இருக்கு சார். வருசா வருசம் மாத்துவாக. ஆவணியில தவ்ஃபீக்குதான் எங்களுக்குப் புதுசு மாட்டுனான்."

வேல்ராஜ் குனிந்து படகின் அடிப்பக்கம் எட்டிப் பார்த்தார். ப்ரொப்பெல்லருக்குச் சற்று முன்னால் சாம்பல் நிறத்தில், முக்கால் செங்கல் அளவில் ஒரு கட்டி, இரண்டு நட்டில் இறுகிக் கிடந்தது.

"இதானே? நல்லாத்தானேம்மா இருக்கு. மூலைகூட மழுங்கல. புத்தம் புதுசா இருக்கு!"

ஜெயப்பிரியாவும் குனிந்தாள்.

பார்த்தாள்.

அவள் நெற்றி சுருங்கியது.

"அதான் சார்... அதான் சரியில்ல. ஆவணியில மாட்டுனது மாசியில பாதியாச்சும் தேஞ்சிருக்கணும். சொத்தைப் பல்லு மாதிரி குழி குழியா இருக்கணும்."

நகத்தால் சுரண்டினாள்.

"பெயின்ட்! யாரோ பெயின்ட் அடிச்சிருக்காக! சிங்க்குக்குப் பெயின்ட் அடிச்சா அது வேலையே செய்யாது சார். படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போதுகூட சிங்க்குல பட்டுரக் கூடாதுன்னு டேப் ஒட்டுவோம்."

"ஓஹோ..." வேல்ராஜ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "அப்ப வேணும்னே பெயின்ட் அடிச்சு, இதை வேலை செய்ய விடாம ஆக்கி, வால்வை அரிக்க விட்டு... அட! இந்த வித்தையெல்லாம் தெரிஞ்சவன் யாரும்மா இங்கன?"

ஜெயப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தெரிந்தவன் ஒருத்தன்தான்.

காப்பாற்றப் போய் அவனைக் கழுத்தளவு தண்ணீரில் இறக்கிவிட்டிருந்தாள்!

3

"எக்ஸ்க்யூஸ் மீ... பூமயில் இதுதானே?"

எல்லோரும் திரும்பினார்கள்.

மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தலையில் மஞ்சள் ஹெல்மெட். கழுத்தில் அடையாள அட்டை. கையில் கேமரா. நாற்பது வயது ஆள் ஒருவன் கார் கதவைச் சாத்திவிட்டு மணலில் நடந்து வந்தான்.

"ஐ ஆம் அய்யப்பன். இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர். நேத்து டி.வி.யில ந்யூஸ் பார்த்த உடனே ஹெட் ஆபீஸ்ல கிளம்புன்னுட்டாங்க."

ஜெயப்பிரியா அவனையே பார்த்தாள். ஒரு நொடி. இரண்டு நொடி.

பிறகு சிரித்தாள்.

"வாங்க சார்... ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க."

"கஸ்டமர் சர்வீஸ் மேடம். எங்க கம்பெனிக்கு அதுதான் முக்கியம்."

"நல்ல கம்பெனி!" என்றார் வேல்ராஜ். "எங்க அய்யா செத்து ஒரு வருசம் ஆச்சு. அவரு பாலிசிக்கு இன்னும் ஒரு பய எட்டிப் பாக்கல."

அய்யப்பன் வேலையை ஆரம்பித்தான். படகைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தான். கேபினுக்குள் தலையை விட்டான். எடுத்தான். 'ம்ச்... ம்ச்' என்றான். ஓட்டையைப் பார்த்த நேரம் ரொம்பக் குறைவு. சிங்க் கட்டியின் முன்னால் உட்கார்ந்த நேரம் ரொம்ப அதிகம்.

"இன்ஸ்பெக்டர், இது சந்தேகமே இல்லாம சதி."

"சப்-இன்ஸ்பெக்டர்" என்றார் வேல்ராஜ், ஆனால் மனசில்லாமல்தான்.

"கட்டிக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க பாருங்க. மெக்கானிக் வேலை. அவரை விட்டுடாதீங்க. நான் ரிப்போர்ட்லயும் அப்படியே எழுதிடறேன். இந்தக் கட்டியை மட்டும் கழட்டிக் குடுத்தீங்கன்னா சென்னை லேப்புக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்."

"உடைஞ்ச வால்வு வேணாமா சார்?" ஜெயப்பிரியா அப்பாவியாகக் கேட்டாள். "படகு முங்குனது அதனாலதானே?"

"ஆங்... அதுவும்தான். ஆனா மெயினா இது."

"ஒரு ஸ்பேனர் இருக்கா ஏட்டய்யா?" என்று அய்யப்பனே கேட்டான். அவசரம்!

"வேணாம் சார்" என்றாள் ஜெயப்பிரியா. "அந்த நட்டு ரெண்டும் சண்டித்தனம் புடிச்சது. வேற யாராச்சும் கை வச்சா போல்ட்டு அறுந்துரும். தவ்ஃபீக்கு வந்து கழட்டட்டும்."

"அவன் அக்யூஸ்டும்மா!" வேல்ராஜ் அதட்டினார்.

"அதனாலதான் சார். அவன் கையாலயே கழட்டட்டும். நீங்க பக்கத்துல நின்னு மூஞ்சியைப் பாருங்க. தப்பு செஞ்சவன்னா காட்டிக் குடுத்துரும்ல?"

வேல்ராஜ் மீசையை நீவினார். யோசனை தன்னுடையது மாதிரியே அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

"யோவ் உக்கிரபாண்டி! நான் யோசிச்சது சரிதான். போயி அவனைக் கூட்டிட்டு வாய்யா!"

4

ஜீப்பிலிருந்து இறங்கிய தவ்ஃபீக் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. சட்டையில் ஸ்டேஷன் பெஞ்சின் தூசி.

"ஏலே தவ்ஃபீக்கு... சாப்புட்டியாலே?"

"நல்லாக் கேக்குறீங்கக்கா. கொலைகாரப் பயலுக்கு யாரு சோறு போடுவா?"

"நான் வாங்கிக் குடுத்தேன் சார்" என்றார் உக்கிரபாண்டி அவசரமாக. "பரோட்டா."

"உங்க பேச்சைக் கேட்டுத்தானேக்கா துபாயை விட்டுட்டு வந்தேன். ரெண்டு வருசம் இந்தப் படகுக்கு அடியிலயே கெடந்தேன். அங்கன நஸீஹா அழுதுக்கிட்டு இருக்கா. இங்கன என்னைய..."

"லே... என்னைய அப்பறம் வையி. மொதல்ல இந்தக் கட்டியைப் பாரு."

தவ்ஃபீக் வேண்டாவெறுப்பாகக் குனிந்தான்.

அடுத்த நொடி அவன் கோபம் எங்கோ போனது!

"என்னக்கா இது?"

"நீ மாட்டுனது."

"நான் மாட்டுனதா? ஆளை விடுங்க! நம்ம கட்டியில மூலையெல்லாம் வழவழன்னு உருண்டையா இருக்கும். இது சதுரம். அதுவும் பெயின்ட் அடிச்சு! சிங்க்குக்கு எந்த மடையனாச்சும் பெயின்ட் அடிப்பானாக்கா?"

"நடிக்காதே!" என்றான் அய்யப்பன். "கழட்டு."

"நீங்க யாரு சார்?"

"இன்சூரன்ஸ்" என்றார் வேல்ராஜ்.

தவ்ஃபீக் ஜெயப்பிரியாவைப் பார்த்தான். "இன்சூரன்ஸா? எப்பக்கா..."

"லே, கழட்டுன்னா கழட்டு! வாயைத் திறக்காத!" அவள் குரல் சுரீரென்று வந்தது.

தவ்ஃபீக்கின் முகம் சுண்டியது. அக்காவுமா?

ஸ்பேனரை எடுத்தான். படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். முதல் நட்டு முனகியது. சுழன்றது. கழன்றது. இரண்டாவது நட்டு பாதி வந்ததும் அய்யப்பன் முன்னால் வந்தான்.

"விழுந்துடப் போகுது. நான் பிடிச்சுக்கறேன்."

கேமராவைத் தரையில் வைத்தான். கால்களை அகட்டினான். முழங்காலை மடக்கினான். இரண்டு கைகளையும் விரித்துக் கட்டிக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, மூச்சை இழுத்து நிறுத்தினான்.

ஜெயப்பிரியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தவ்ஃபீக்கு... அந்த அளவுல ஒரு சிங்க் கட்டி எம்புட்டு கனம்டா இருக்கும்?"

"பத்து தேங்கா கனம் இருக்கும். ஒத்தைக் கையில தூக்கிரலாம். ஏன்க்கா?"

"இல்ல... சார் ஆட்டுக்கல்லு வாங்குற மாதிரி நிக்கிறாரே. அதான் கேட்டேன்."

நட்டு கழன்றது!

கட்டி அய்யப்பனின் கைகளில் இறங்கியது. அவன் தயாராகத்தான் இருந்தான். தயாராக இருந்தும் தோள் இரண்டும் ஒரு சாண் கீழே போயின. நரம்பு புடைத்தது.

"சார், கொஞ்சம் குடுங்க." உக்கிரபாண்டி உதவிக்கு ஒற்றைக் கையை நீட்டினார். பாரம் பாதி மாறியது...

தொப்!

கட்டி மணலில் குழி பறித்து உட்கார்ந்தது. ஏட்டின் கால் கட்டைவிரல் மயிரிழையில் தப்பியது.

"யம்மாடி! மன்னிக்கணும் சார்... இது சிங்க்கு இல்ல சார்! பொணம் கனம் கனக்குது!"

ஜெயப்பிரியா கயிறு அறுக்கும் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்தாள். கட்டியின் ஒரு மூலையில் வைத்து அழுத்தி இழுத்தாள்.

சாம்பல் பெயின்ட் சுருளாக உரிந்து வந்தது.

உள்ளே...

மஞ்சள்!

மாசி மாச வெயில் அந்தக் கீறலில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது.

 தூரத்தில் பாலத்தின் மேல் ஒரு ரயில் ஊர்ந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"தங்கம்..." என்றார் வேல்ராஜ். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "தங்கம்யா!"

5

முதலில் சுதாரித்தவன் அய்யப்பன்தான்.

"பார்த்தீங்களா சார்! நான் அப்பவே சொன்னேன்ல? கடத்தல்! மெக்கானிக்தான் மாட்டியிருக்கான். நாளைக்கு துபாய்க்கு ஓடப் பார்த்தான். நானே சாட்சி சொல்றேன்!"

வேல்ராஜின் கை தவ்ஃபீக்கின் சட்டைக் காலரைப் பிடித்தது.

"துபாய்... தங்கம்... கணக்கு நேரா வருதேடா!"

"யா அல்லாஹ்! சார், இம்புட்டுத் தங்கம் கையில இருந்தா நான் எதுக்கு சார் துபாய்க்கு வேலைக்குப் போறேன்? வேலை பாக்குறதுக்கு அங்கேயிருந்து இங்கன ஆளு வரச் சொல்ல மாட்டேன்?"

நியாயமான கேள்வி. ஆனால் காலரை விட வைக்கவில்லை.

"சார்... ஒரு நிமிசம்." ஜெயப்பிரியா நடுவில் வந்து நின்றாள். "இவன் சிங்க் வேலை தெரிஞ்சவன். தெரிஞ்சவன் தங்கத்தை ஒளிக்க ஆயிரம் எடம் இருக்கும்போது, சிங்க்கைக் கழட்டிட்டு அந்த எடத்துல மாட்டுவானா?"

"மாட்டுனா என்ன?" என்றார் வேல்ராஜ்.

"உலோகத்துலயே பெரிய பண்ணையாரு தங்கம் சார். அது ஒரு பொட்டு கரையாது. அதோட ஒரே ஒயர்ல சேந்த மத்ததையெல்லாம் கரைக்கும். சும்மா சிங்க் இல்லாம இருந்தாலே வால்வு தேயும். இது மாட்டி, பெயின்ட் கீறின எடத்துல எல்லாம் தண்ணி பட்டு... நாலே மாசத்துல ரஸ்க் ஆக்கிருச்சு. ஸ்டேஷன்ல ஏட்டய்யாவை எடுத்துட்டு, அந்த நாற்காலியில டி.ஜி.பி.யைக் கொண்டாந்து உக்கார வச்ச மாதிரி."

உக்கிரபாண்டிக்குச் சட்டென்று புரிந்தது. "அப்ப திட்டெல்லாம் எஸ்.ஐ.க்கு விழும்!"

வேல்ராஜ் ஏட்டைப் பார்த்தார். காலரை விட்டார்.

"இதை மாட்டுனவனுக்கு சிங்க்குன்னா என்னன்னே தெரியாது சார். படகுக்கு அடியில ஒரு சாம்பல் கட்டி தொங்குது, யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, நல்ல எடம்னு மட்டும்தான் தெரியும். தங்கம் பளபளக்கக் கூடாதுன்னு பெயின்ட்டும் அடிச்சான். அங்கனதான் மாட்டிக்கிட்டான்."

"எப்பம்மா மாட்டுனாக?"

"மழைக்கு முன்னாடி. வெளியூர்ப் பார்ட்டி ஒண்ணு படகைப் பேசுச்சு. தனுஷ்கோடிப் பக்கம் நங்கூரம் போடச் சொல்லி, கடல்ல எறங்கிக் குளிச்சாக. அந்த நேரம் மீன் விக்கிறேன்னு ஒரு வள்ளம் ஒட்டி வந்து நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. ஆனா ஒரு மீன்கூட வாங்கல. நான் கஞ்சப் பார்ட்டின்னு நெனச்சேன்!"

"தண்ணிக்குள்ள வச்சே மாத்திட்டானுக!" தவ்ஃபீக் மணலில் குத்தினான். "கரைக்கு வந்ததும் முங்கிக் கழட்டிக்கலாம்னு."

"கழட்டியிருப்பாக. ஆனா அன்னைக்குப் பாத்து எவனோ நம்ம நங்கூரக் கயிறைத் திருடிட்டான். ஞாபகம் இருக்கா சார்? உங்ககிட்டதான் வந்து அழுதேன்."

வேல்ராஜின் முகம் மாறியது. ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

"'பேசாம நம்ம கடற்கரை அவுட்போஸ்ட் வாசல்லயே கட்டிக்கம்மா, யாரு வாரான்னு பாக்குறேன்'னு நீங்கதான் சொன்னீங்க."

"நாலு மாசம்..." வேல்ராஜ் நாற்காலி தேடினார். இல்லை. படகின் முட்டுக்கட்டையிலேயே உட்கார்ந்தார். "நாலு மாசமா என் மூக்குக்கு முன்னாடி... நான் அதைப் பாத்துக்கிட்டே டீ குடிச்சிருக்கேன்!"

"தெனம் ரெண்டு தடவை சார்" என்றார் உக்கிரபாண்டி.

"வாயை மூடுய்யா!"

"மன்னிக்கணும் சார்."

"மழையும் காத்துமா நேத்து வரைக்கும் சவாரியே இல்ல; தண்ணி கலங்கிக் கெடந்ததால நாங்களும் முங்கிப் பாக்கல. அவுகளாலயும் போலீஸ் வாசல்ல வந்து முங்க முடியல. நேத்து படகு கரையேறிருச்சு. இனிமே யாராச்சும் கட்டியை உத்துப் பாத்துருவாக. அதுக்குள்ள எடுத்தாகணும்."

வேல்ராஜ் எழுந்தார். இப்போது நிஜமாகவே போலீஸ்காரர் மாதிரி இருந்தார்.

"அந்தப் பார்ட்டியை இப்ப எங்க போயித் தேடுறது?"

"தேட வேணாம் சார். அவுக அனுப்புன ஆளு வந்தாச்சு."

அவள் விரல் நீண்டது.

மஞ்சள் ஹெல்மெட்டின் மேல்!

"வாட் நான்சென்ஸ்!" அய்யப்பன் ஒரு அடி பின்வாங்கினான். அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினான். "நான் இன்சூரன்ஸ் கம்பெனி! படகு மூழ்கினா சர்வேயர் வருவான். இதுல என்ன தப்பு? இன்... சப்-இன்ஸ்பெக்டர், சொல்லுங்க சார்!"

வேல்ராஜ் தலையைச் சொறிந்தார். "ஆமாம்மா. கனத்துக்கு ரெடியா நின்னாருன்னு மட்டும் வச்சு ஒருத்தரைப் புடிக்க முடியாது. படகுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. கம்பெனி ஆளு வந்திருக்காரு. கோர்ட்ல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அக்கா..." தவ்ஃபீக் மெதுவாக ஆரம்பித்தான். "நான் அப்பவே கேக்க வந்தேன். நீங்கதான் வாயைத் திறக்காதேன்னீங்க..."

"உன் வாயைக் கட்டுனா தான்லே அவரு வாயைத் திறப்பாரு. எதைக் கேட்டு வந்திருக்காருன்னு எனக்குத் தெரியணும்ல? காலையில இவரு கார்லேர்ந்து எறங்கி, இன்சூரன்ஸ்னு சொன்னாரு பாரு... அந்த நிமிசத்துலேர்ந்து வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறேன்."

"ஏம்மா? என்ன விசயம்?" வேல்ராஜ் பொறுமை இழந்தார்.

ஜெயப்பிரியா கத்தியை மடக்கி இடுப்பில் சொருகினாள். கொஞ்சம் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பூமயிலுக்கு நான் இன்சூரன்ஸே எடுக்கலையே சார்!"

அய்யப்பன் காரைப் பார்த்தான். காருக்கும் அவனுக்கும் நடுவே தவ்ஃபீக் நின்றுகொண்டிருந்தான். கையில் ஸ்பேனர்.

வேல்ராஜ் சிரித்துக்கொண்டே மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இன்சூரன்ஸ் இல்லாம ஆள் ஏத்துனதுக்கு உன்னைய நான் தனியாக் கவனிச்சுக்கிறேன்மா... யோவ் உக்கிரபாண்டி! சாரைக் கூட்டிட்டுப் போயி ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வையி. தவ்ஃபீக்கு உக்காந்த சூடு ஆறுறதுக்குள்ள!"